எழவு வீட்டு ரொட்டி அடுப்பு

அந்தச் சேவலக் கொஞ்சம் அமத்துங்க தம்பி. ஆமா, ஒங்க போனுக்குள்ள கூவுதே, அதத்தான் சொல்றேன். சார்ஜ் ஏத்திக்கோங்க, வேண்டாங்கல. கரண்டு எங்க அப்பன் வீட்டுக் கரண்டா? தூத்துக்குடி பஸ் வர்ற வரைக்கும் இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டாலும் சரிதான். ஆனா அந்தச் சத்தம் மட்டும் இங்க கேக்கப்படாது. கேட்டா எனக்குக் காதுல ஈயத்தக் காச்சி ஊத்துன மாதிரி இருக்கு.

என்னது? இது என்ன ஆட்டம்னு எனக்குத் தெரியுமாவா?

நல்லாக் கேட்டீங்க போங்க. பசும்பண்ணை. இதே அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல, பாத்ரூம் வாசல்ல மேசை போட்டு உக்காந்திருக்கிற பொம்பளைக்கு என்ன தெரியப்போகுதுன்னு நெனச்சுட்டீங்களாக்கும். தம்பி, நான் தலைவி. வெள்ளாமைக் கூட்டம்னு ஒரு கூட்டம், முப்பது பேரு. அதுக்குத் தலைவி இந்தச் சீனியம்மா. அந்த ஆட்டத்துல போயி எம்பேரச் சொல்லிப் பாருங்க... இல்ல, சொல்லிராதீங்க. சொன்னா ஒங்களையும் சேத்துக் காறித் துப்புவாக.

என்னைய வெளிய தள்ளிட்டாகய்யா. ஒத்தையில நிறுத்திட்டாக.

ஐயா பெரியவரே, செருப்பக் கழட்டாதீக! இது கோயிலு இல்ல. போட்டுக்கிட்டே போங்க. வலது பக்கம். எடது பக்கம் பொம்பளைக. பாத்துப் போங்க, இப்பத்தான் கழுவிவிட்ருக்கேன்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங். வெளிய தள்ளுனது. யாரு தள்ளுனா, என்ன ஏதுன்னு கேளுங்க. கேட்டுட்டு நீங்களே நாயம் சொல்லுங்க.

கோகிலவாணின்னு ஒருத்தி. பெருந்துறைப் பக்கம், பனியன் கம்பெனில வேலை. அவளும் அவ ஆத்தாளும் திருச்செந்தூருக்குப் போறதுக்கு இந்த பஸ் ஸ்டாண்டுலதான் எறங்குனாக. ஒங்களை மாதிரியேதான், இதே மேசையில போன சொருகிக்கிட்டு நின்னா. அவ ஆத்தா இதே ஸ்டூல்ல உக்காந்துச்சு. அந்தம்மாவுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது. நான் அந்தா, அந்த டீக்கடையில சுடுதண்ணி வாங்கிக் குடுத்தேன். கொங்கு நாட்டுக்காரவுக இருக்காகளே, ஒரு வாய் தண்ணிக்கு 'ரொம்ப நன்றீங்க, ரொம்ப நன்றீங்க'ன்னு நம்மளக் கூச வச்சிருவாக. ஆத்தாளும் மகளும் ஒரே போன மாத்தி மாத்தி வச்சு இந்தக் கோழி ஆட்டத்த ஆடிக்கிட்டிருந்தாக. ஆத்தா வெதைக்கும், மக அறுப்பா. எனக்கு வேடிக்கையா இருந்துச்சு. எட்டிப் பாத்தேன். பாத்தது தப்பு.

'பெரியம்மா, நாளெல்லாஞ் சும்மாதானுங்க உக்காந்திருக்கீங்க, இத ஆடிப் பாருங்க'ன்னு எம்போனுலயும் ஏத்திக் குடுத்தா.

'சும்மா உக்காந்திருக்கேனா? ரெண்டு பக்கமும் பினாயில் ஊத்திக் கழுவுறது ஒங்க பாட்டியா?'ன்னேன். அந்தம்மா மூச்சு வாங்குறதோட சேந்து சிரிச்சுச்சு பாருங்க, எனக்குப் பயமாப் போச்சு, இங்கனயே விழுந்துருமோன்னு.

அம்புட்டுதான் பழக்கம். நேர்ல பாத்தது அந்த ஒரு தடவைதான்.

ஆட்டத்துல என்ன இருக்கு, ஒங்களுக்கே தெரியும். ஒரு மண்ணும் இல்ல. வெதை, அறு, அடுப்புல ரொட்டியப் போடு, கோழிக்குத் தீனி வையி. சின்னப்புள்ளைக சொப்பு வச்சு ஆடுற கதை. ஆனா அந்த மரத்துல வச்சிருக்கான் பாருங்க சூட்சுமம். காச்சு ஓஞ்ச மரம் காஞ்சு நிக்கும். நம்ம மரத்துக்கு நாம தண்ணி ஊத்துனாத் தளுக்காது. நீ குடங்குடமா ஊத்து, தளுக்காது. அடுத்தவுக வந்து ஊத்தணும். ஊத்துனவுக பேரு அந்த மரத்துலயே சீட்டாத் தொங்கும். தளுத்ததப் பறிக்காம விட்டோம்னா, ரெண்டு மூணு நாள்ல மறுபடியும் காஞ்சிரும். மறுபடியும் ஒருத்தர் வந்து ஊத்தணும். அப்ப ஆட்டம் எதுல இருக்கு? கோழியிலயா இருக்கு? ஆளுகள்ல இருக்கு.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதுக்காகவே அந்தக் கோகிலா வாட்சப்புல தனியா ஒரு குரூப்பு போட்டா. 'எல்லாரும் வாயில பேசி அனுப்புங்க, பெரியம்மா இருக்காங்க'ன்னு ஏற்பாடு. காலையில மேசைய இழுத்துப் போட்டு உக்காந்தேன்னா மெட்ராசுல இருந்து நிக்சன்னு ஒருத்தன், 'இன்னா பெரியம்மா, எய்ந்துட்டியா, கோயிக்கு சோறு போட்டியா'ம்பான். கோயிங்குறான் கோழிய. மலேசியாவுல இருந்து ஒருத்தி பேசுவா. எல்லாத்துக்கும் நான் பெரியம்மா. இந்த பஸ் ஸ்டாண்டுல என்னைய என்னன்னு கூப்பிடுவாக தெரியுமா? 'ஏம்மா பாத்ரூம்!' அதான் எம்பேரு. அப்படி இருக்கையில முப்பது பேரு பெரியம்மான்னா எப்படி இருக்கும்? அந்தக் கோழியே அம்புட்டு அழகாத் தெரிஞ்சுச்சுய்யா. கொக்கரிச்சா பாட்டு. இப்ப அதே கோழி, அதே கொக்கரிப்பு. வாந்தி வருது. கோழி என்ன மாறிப்போச்சா?

நிக்சன்தான் மொதல்ல தலைவரு. வேலை சாஸ்தி, நீயே பாத்துக்க பெரியம்மான்னு எங்கிட்ட விட்டுட்டான். நான் பாத்தேன். நல்லாவே பாத்தேன். பல்லு வெளக்குறதுக்கு முந்தி கோழிக்குத் தீனி விழுந்திருக்கணும். விழலைன்னா கூப்பிட்டுக் கேப்பேன். நாலஞ்சு நாளு விழலைன்னா வெளிய. கறாரா இருந்தாத்தானய்யா கூட்டம் நிக்கும்? ஒருத்தி 'எனக்குப் பிரசவம் பெரியம்மா'ன்னா. பிரசவம்னா? வலி எடுக்குறதுக்கு முந்தி ரெண்டு நிமிசம் கெடைக்காதாக்கும்? நான் மூணு பெத்தவ, எங்கிட்ட சொல்றா.

சில்லறை இல்லையா? பரவால்ல, வரும்போது குடும்மா. போ, போ, அவசரத்துல வந்திருக்க.

எதுல விட்டேன்? எங்க வீட்டுக்காரரு செத்ததச் சொல்லலைல்ல. அதுக்கு இதுல சம்பந்தம் இல்ல, இருந்தாலும் சொல்றேன். போன மாசி மாசம். நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவுக எந்திரிக்கல. எலும்பு பொறுக்கிக் காடாத்து முடிஞ்ச மறுநாளு, வீடெல்லாம் சனம். வர்றவ எல்லாம் கட்டிப்பிடிச்சு அழுகுறா, நானும் அழுகுறேன், மூக்கச் சிந்துறேன். தொண்ட கட்டிப்போச்சு. இனிமே வர்றவளுக்கு அழுகுறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல. அப்ப மூலையில சுருண்டுகிட்டு, முந்தானைக்குள்ள போன வச்சு, கோழிக்குத் தீனி போட்டேன். கோதுமைய அறுத்தேன். ரொட்டிய அடுப்புல போட்டேன். யாருக்கும் சொல்லல. கூட்டத்துலயும் சொல்லல. அவுகளா எப்படியோ தெரிஞ்சுக்கிட்டாக. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலய்யா. மரம் பூராவும் தண்ணி. காலையில பாத்தா அம்புட்டு மரமும் தளுத்து நிக்குது. அதப் பாத்தப்புறந்தான் எனக்கு ஒரு வாய் கஞ்சி எறங்குச்சு.

எங்க நாத்தனா கண்டுபிடிச்சுட்டா. 'அண்ணன் செத்து எலும்பு ஆறல, முந்தானைக்குள்ள என்னடி வெளையாட்டு'ன்னு போனப் பிடுங்க வாரா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். 'ஏடி, நான் எப்படி அழுகணும்னு நீ எனக்குப் படிச்சுக் குடுக்குறியா'ன்னு கையத் தட்டிவிட்டேன். இன்னைக்கு வரைக்கும் அவளோட பேச்சுவார்த்தை கெடையாது. அந்த மாதிரி ஆளுகளும் இருக்காக ஒலகத்துல. விடுங்க, அது வேற கதை.

இப்ப நம்ம கதைக்கு வாரேன்.

அறுவடைப் பந்தயம் வந்துச்சு. ஒங்களுக்குத் தெரியுமே, எல்லாக் கூட்டமும் போட்டி போட்டு ரொட்டி சுட்டு வண்டியில ஏத்தணும். எங்க கூட்டம் மேல ஏறிக்கிட்டே வருது. சாப்பாடு தண்ணி இல்லாம சுடுறாக. அந்த நேரம் பாத்து நிக்சன் பேசி அனுப்புறான். 'பெரியம்மா, நம்ம கோகிலாவோட அம்மா செத்து பூட்டாங்க.'

இந்த ஸ்டூலத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். இதுல உக்காந்த பொம்பள. எங்கையால தண்ணி வாங்கிக் குடிச்ச பொம்பள. பெருந்துறைக்குப் போயி வரணும்னா எனக்கு யாரு இந்த மேசையப் பாப்பா? கேட்டுப் பாத்தேன், ஆளில்லன்னுட்டாக. ஒரு கோடித்துணி எடுத்துப் போட முடியல. வாயில வயித்துல அடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்க முடியல. அப்ப நான் என்ன செய்ய? எனக்குன்னு கையில என்ன இருக்கு? கூட்டம் இருக்கு. தலைவிங்குற பேரு இருக்கு.

கூட்டத்துல சொல்லிட்டேன். 'நம்ம கூட்டத்துல எழவு விழுந்திருக்கு. கருமாதி முடியுற வரைக்கும் ஒருத்தரும் கதிர அறுக்கக்கூடாது. ரொட்டி அடுப்பு எரியக்கூடாது. கோழிக்குத் தீனி மட்டும் வச்சுக்கோங்க, அது வாயில்லாச் சீவன்.'

இதுல என்ன தப்பு? சொல்லுங்க. எழவு வீட்டுல எவனாவது அடுப்புப் பத்தவைப்பானா? தெருவுல ஒரு சாவுன்னா பொணம் எடுக்குற வரைக்கும் நாலு வீட்டுல உல வைக்கமாட்டாகளே.

நிக்சன் சொல்றான், 'இன்னா பெரியம்மா நீ, கேம்ல போயி தீட்டு கீட்டுன்ற? பந்தயம் பூடும்.' போகட்டும்டா! பந்தயம் அடுத்த மாசம் வராதா? ஆத்தா வருவாளா?

ரெண்டு பேரு ராவோட ராவா கோதுமைய அறுத்து ரொட்டி சுட்டிருக்கானுக. காலையில பாத்தேன், பொகை வருது. ரெண்டு பேரையும் கூட்டத்த விட்டு எடுத்து வெளிய போட்டுட்டேன். மத்தவன் எல்லாம் அடுப்ப அவிச்சுட்டான்.

ஏ தம்பி, ஏ கட்டம்போட்ட சட்ட! செவுத்துல எழுதாத. எழுத்துத் தெரியும்னா வீட்டுல போயி எழுது.

அப்புறம் மூணாம் நாளு. சும்மா கோகிலா தோட்டத்துப் பக்கம் போனேன், மரம் காஞ்சு கெடக்கும், தண்ணியாவது ஊத்துவோம்னு. போயிப் பாத்தா... தம்பி, அடுப்புல இருந்து ரொட்டிய எடுத்திருக்கா. பெரிய ரொட்டி, நாளு கணக்கா வேகுமே, பந்தயத்துக்குன்னே சுடுவாகளே, அது. எடுத்து வண்டியிலயும் ஏத்திட்டா. பெத்தவ சாம்பல் சூடு ஆறல! ஊரு ஒலகத்துல இருக்கிறவன் எல்லாம் இவளுக்காக அடுப்ப அவிச்சுட்டு உக்காந்திருக்கான், மகாராணி ரொட்டி சுட்டு வண்டியில ஏத்துறா!

எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. குரூப்புல, முப்பது பேரும் கேக்கணும்னே பேசி அனுப்புனேன். 'ஏடி கல்லு நெஞ்சுக்காரி, ஒங்காத்தா எங்கையால தண்ணி வாங்கிக் குடிச்சவ. எனக்கு இருக்கிற துக்கம் ஒனக்கு இல்லையா? பத்து மாசம் சொமந்தவளுக்கு நீ காட்டுற மருவாதி இதானா? ஒரு ரொட்டி பெருசாப் போச்சா?'ன்னு இன்னும் என்னென்னமோ. பேசி முடிச்ச கையோட அவளையும் ஆட்டத்துக் கூட்டத்துல இருந்து எடுத்து வெளிய போட்டேன். ஆமா, நாந்தான் போட்டேன். பின்ன? அவளுக்கு ஒரு சட்டம், மத்தவனுக்கு ஒரு சட்டமா?

கொஞ்ச நேரங்கழிச்சு அவ வாட்சப்பு குரூப்புல பேசி அனுப்புனா. அழுகல. அழுதிருந்தாலும் மனசு ஆறியிருக்கும். மெதுவா, அவுக ஊரு இழுவையோட சொல்றா. 'பெரியம்மா, நானும் அம்மாவும் கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரிக் கட்டல்ல ஒக்காந்து இதத்தானுங்க ஆடிட்டு இருந்தோம். அந்த ரொட்டி அம்மா போட்டு வெச்சதுங்க. எடுக்காம வுட்டா கருகிப் போயிருமுங்க.'

அம்புட்டுதான்.

அதுக்கு? நான் என்ன சோசியமா பாத்தேன்? அது யாரு போட்ட ரொட்டின்னு அடுப்புல எழுதியா ஒட்டியிருக்கு? முன்னாடியே சொல்றதுக்கு என்ன, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தா? 'பெரியம்மா, இந்த மாதிரி, எங்கம்மா போட்ட ரொட்டி, எடுத்துக்கிடுறேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? நானே போயி எடுத்துக் குடுத்திருப்பேனே! சொல்லாம செஞ்சுபுட்டு, கடைசியில என்னையக் கூறுகெட்டவளா ஆக்கிட்டாளே. முப்பது பேருக்கு முன்னாடி!

அந்தக் கூட்டம் என்ன செஞ்சிருக்கணும்? 'பெரியம்மாவும் துக்கத்துலதான் பேசிருச்சு'ன்னு ஒருத்தன் சொல்லியிருக்கணுமா இல்லையா? சொல்லலய்யா. ஒவ்வொருத்தனா எந்திரிச்சுப் போறான். பந்தியில பாதியில எல எடுத்த மாதிரி. நிக்சன் போயிட்டான். மலேசியாக்காரி போயிட்டா. பிரசவத்துக்காரி ரொம்ப நாளாக் காத்துக்கிட்டிருந்தா போல, மொதல் ஆளாப் போனா. சாயந்தரம் வேலை முடிஞ்சு பாத்தா, கூட்டத்துல நான் ஒருத்தி. வெள்ளாமைக் கூட்டம். தலைவி: சீனியம்மா. யாருக்குய்யா தலைவி? அந்தப் பக்கம் கோகிலா பேருல புதுக்கூட்டம். எல்லாப் பயலும் அங்க.

இதுக்குப் பேருதான் வெளிய தள்ளுறது. கழுத்தப் பிடிச்சுத் தள்ளுனாத்தான் தள்ளுனதா? வீட்டுல இருக்கிற அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு அடுத்த வீட்டுக்குப் போயிட்டா, அது தள்ளுனது இல்லையா?

அன்னைக்கே ஆட்டத்த அழிச்சுட்டேன். சாக்கடை ஆட்டம். மனுசன் ஆடுவானா அத? நான் சொல்றேன் தம்பி, நீங்களும் அழிச்சிருங்க. இன்னைக்குப் பெரியம்மாம்பான், நாளைக்கு எல எடுத்துருவான். ரெண்டு மாசம் ஆச்சு. இந்தா, போனு இருக்கு, மணி பாக்க மட்டுந்தான். நாளு பூரா இங்க உக்காந்து போற வர்ற பஸ்ஸ எண்ணிக்கிட்டிருக்கேன். நிம்மதியா இருக்கேன். ரொம்ப நிம்மதி.

என்ன தேடுறீங்க?

எந்தோட்டமா? அது எப்படி இருக்கும்? நாந்தான் அழிச்சுட்டேன்ங்குறேனே. எம்போனுல இருந்து மட்டுந்தான் போகும்ங்குறீங்களா, அங்க அப்படியேதான் இருக்குமா? இருந்தா இருக்கட்டும். எனக்குக் காட்டாதீங்க. ரெண்டு மாசமா ஆளில்லாத தோட்டம், சுடுகாடு மாதிரி காஞ்சு கெடக்கும். அதப் பாத்து எனக்கென்ன ஆகப்போகுது.

...காட்டுங்க பாப்போம். இருங்க, கண்ணாடியப் போட்டுக்கிடுறேன்.

இது இல்லய்யா. இது வேற எவளோ சீனி. பாருங்க, பச்சைப் பசேல்னு கெடக்கு. கொய்யா, மாதுளை, எல்லாம் காச்சுத் தொங்குது. எந்தோட்டம்னா மாட்டுத் தொழுவத்துக்குக் குறுக்க கெணறு இருக்கும். தெரியாம வச்சுட்டேன், மாடு சுத்திக்கிட்டுத்தான் வெளிய வரணும். நிக்சன் எப்பவும் சிரிப்பான்...

கெணறு இருக்கு.

அந்த மரத்துல சீட்டுத் தொங்குதே, அத வாசிங்க. நீங்களே வாசிங்க, எனக்குக் கண்ணு கூசுது.

கோகிலவாணியா?

அடுத்த மரத்துல? அதுலயுமா? அந்தக் கொய்யாவுல? எல்லாத்துலயும் அவதானா? பறிக்க ஆளில்லாம ரெண்டு நாளைக்கு ஒருக்க காயுமே. காயக் காய வந்து ஊத்திக்கிட்டா இருக்கா? ரெண்டு மாசமாவா?

யாரு கேட்டா இவள? இவகிட்ட எவ கேட்டா? திமிரப் பாத்தீங்களா தம்பி! வாயத் தொறந்து பெரியம்மான்னு ஒரு வார்த்தை பேசி அனுப்பத் தெரியல. களவாணி மாதிரி வந்து தண்ணி ஊத்திட்டுப் போறா. பேசாமயே என்னையச் சாகடிக்கணும்னு கங்கணம் கட்டிக்கிட்டுத் திரியுறா. ஆத்தாளும் மகளும் இப்படித்தான். ரொம்ப நன்றீங்க, ரொம்ப நன்றீங்கன்னு மனுசனக் கூச வைக்கிறதே பொழப்பு இவுகளுக்கு...

கண்ணுல ஒண்ணுமில்ல. பினாயிலு. இப்பத்தான கழுவுனேன், நெடி.

அந்தா ஒங்க பஸ்ஸு. தூத்துக்குடின்னுதான் போட்டிருக்கு. ஒயரப் பிடுங்கிக்கோங்க.

ஏய்யா, ஏய்யா, அங்க என்ன செய்யிற? எந்த மரம்? அந்த ஓரத்து எலுமிச்சை காஞ்சு கெடக்கா? கெடக்கட்டும். கைய எடு. கைய எடுய்யாங்குறேன்ல! நீ ஊத்திராத.

அது அவ வந்து ஊத்திக்கிடுவா.